கெளுத்தி சிறுத்த வேளை

பொம்மைக்கு வேர்க்காது. சண்முகவடிவுக்கு அதன்மேல் இருந்த முதல் மனத்தாங்கலே அதுதான். அந்த அறையின் ஏசியில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துவிட்டுப் போனால் திரும்பி வருவதற்குள் அதன்மேல் ஏறி நின்று சாமி கும்பிடலாம், அப்படிக் குளிர். ஆனாலும் அவளுக்கு முதுகுத்தண்டு வழியே வேர்வை எறும்பு மாதிரி இறங்குகிறது, கையுறைக்குள் விரல்கள் ஊறவைத்த கொண்டைக்கடலையாகச் சுருங்கிக் கிடக்கின்றன, அது மட்டும் பச்சைத் துணியை இடுப்புவரை போர்த்திக்கொண்டு, தலையை இடப்பக்கம் சாய்த்து, மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி மல்லாந்து கிடக்கிறது. மயக்க மருந்துப் பயிற்சிக்கு வந்த நர்ஸுகள் அதற்கு வைத்த பெயரும் மாப்பிள்ளைதான். எல்லாரும் ஓடி ஓடி உபசரிக்கவேண்டும், அது ஒரு துரும்பையும் நகர்த்தாது, உபசாரத்தில் குறை வந்தால் மட்டும் செத்துப்போகும். போன மாதம் அவள் கையில் செத்தது. பிளாஸ்டிக் எப்படிட்டி சாகும் என்று வீட்டில் அவர் கேட்டார், கேட்டுவிட்டுச் சிரித்தார், அந்தச் சிரிப்பு இன்னும் அடுப்படிப் பக்கம் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, தோசை திருப்பும்போதெல்லாம் கேட்கிறது. திரையில் கோடு நேராகப் போயிற்று, பெட்டி ஊளையிட்டது, அப்படித்தான் சாகும். அதற்கு முன்னால் அது சொன்னது, காதுக்குள்ள இரையுது சிஸ்டரு, நாக்குல இரும்பு நக்குன மாதிரி இருக்கு என்று தெளிவாகச் சொன்னது, அவள் காதிலும் விழுந்தது, ஆனால் இரண்டு கண்ணும் ஊசிமுனையில் இருந்தன, ஊசிமுனை அத்தனை அழகாகத் தெரிந்தது, அந்த அழகில் மயங்கி இன்னும் ஐந்து மில்லி போடு என்றாள். மருந்து நரம்புப் பக்கம் போகாமல் ரத்தத்துக்குள் போயிருந்தது. மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த டாக்டர் கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வெளிய உட்காருங்க சிஸ்டர் என்றார். அவர் யாரையும் தேறவில்லை என்று வாயால் சொன்னதே கிடையாது. வெளிய உட்காருங்க என்பார், அதுதான் தீர்ப்பு. ஒருவருக்கு இரண்டு தடவைதான் பரீட்சை. இன்றைக்கு இரண்டாவது. இன்றும் அந்த இரண்டு சொல் அவர் வாயிலிருந்து விழுந்தால், திங்கட்கிழமை முதல் பழையபடி ஆண்கள் வார்டு, பழையபடி இரவு டூட்டி, தியேட்டர் கதவு அவளுக்கு இனி வெளிப்பக்கம் மட்டும்தான்.

மாப்பிள்ளையின் தாடைக்குக் கீழே ஒரு சின்ன ஸ்பீக்கர். அதில் வருகிற குரல் பூலோகப்பாண்டியன் அண்ணாச்சியுடையது. அண்ணாச்சி இந்த ஆஸ்பத்திரியிலேயே ஸ்ட்ரெச்சர் தள்ளி ஓய்வு பெற்றவர்; அவர் தள்ளின வண்டியில் ஏறினவர்கள் சிரித்துக்கொண்டே தியேட்டருக்குப் போனார்கள் என்றும், திரும்பி வருகையில் சிரித்துத் தையல் பிரிந்தவர்களும் உண்டு என்றும் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவரேதான். எதிரே கண்ணாடி, அதற்குப் பின்னால் முன்பு துணி அடுக்கிவைத்திருந்த இருட்டு அறையில் மைக்கின் முன்னால் தன்னந்தனியாக உட்கார்ந்து அவர் பொம்மையாகப் பேசுவார். அங்கிருந்து பார்த்தால் இங்கே தெரியும், இங்கிருந்து பார்த்தால் தன் முகம்தான் தெரியும். வடிவு நிமிர்ந்தபோது தெரிந்ததும் அதுதான், முகமூடிக்கு மேலே இரண்டு கண், யாருடையதோ போல. நோயாளிக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிவு, மீன் பிடிக்கையில் விழுந்தது, டாக்டர் எழுதிக்கொடுத்தது அவ்வளவுதான், மீனின் நீள அகலம் அண்ணாச்சியின் சொந்தக் கைச்சரக்கு. காலையில் முதலில் போனவளிடம் ஒன்றரை முழம் என்றாராம். அடுத்தவளுக்கு மூன்று முழம். ஜெபக்கனி முறைக்கு வந்தபோது மீன் அவள் உயரம் ஆகிவிட்டது, தேறிவிட்டேன் என்ற சந்தோஷத்தைவிட மீனைச் சொல்லித்தான் அவள் பெஞ்சில் புரண்டு புரண்டு சிரித்தாள், உனக்கு வரும்போது திமிங்கலம் ஆயிரும்ளா என்றாள். வடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. நடுவில் பொம்மையின் கழுத்தில் சதைக்குப் பதிலாகப் பதித்திருந்த ஜெல்லிக்கட்டி ஓட்டையாகி நீர் ஒழுகி, அதை மாற்றி ஒட்ட ரொம்ப நேரம் ஆகிவிட்டது, மதியச் சாப்பாடு தள்ளிப்போயிற்று, அண்ணாச்சி இடையில் வராந்தாவுக்கு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், சாப்டியளா என்று ஜெபக்கனி கேட்டதற்குக் காலையில் பதினைந்து இட்லி, அதிலே ஒன்று தட்டைவிட்டுத் துள்ளி ஓடினதால் பதினாலு என்றார். டாக்டர் அந்தப் பக்கமாகப் போனார், கையில் அவருடைய நீல ஃபிளாஸ்க். ஊருக்கெல்லாம் சர்க்கரையைக் குறை என்று சொல்லுகிற மனுஷர், அவர் ஃபிளாஸ்க்கில் இருப்பது டீயா பாகா என்பது நர்ஸுகளுக்குள் நெடுநாள் வழக்கு, மூடியை மோந்து பார்த்த எறும்பு மயங்கி விழுந்ததை ஜெபக்கனி கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தாள். இவர்கள் எல்லாரும் எப்படித்தான் இத்தனை லேசாக இருக்கிறார்கள். வீட்டில் மகள் நாச்சியாரும் அப்படித்தான், ஒன்றாம் வகுப்பு, நேற்றுப் பள்ளிக்கூடத்துக்கு யானை வந்து டீச்சரிடம் லீவு கேட்டது என்கிறாள், கண் இமைக்காமல். யானை எதுக்குட்டி லீவு கேக்கு என்றால் அதுக்குத் தடிமன் என்கிறாள். ஜலதோஷம் பிடித்த யானை. இப்போது எதற்கு யானை. ஊசியைப் பார். ஊசியைப் பார்க்காதே, ஆளைப் பார். இரண்டையும் பார்.

காரை எலும்புக்கு மேலே ஸ்கேன் கருவியை வைத்தாள், திரையில் சாம்பல் நிறம் கலங்கித் தெளிந்தது, குளத்தில் கல்லைப் போட்டுவிட்டு அலை அடங்கக் காத்திருப்பது போல. கறுப்பு வட்டம் ஒன்று துடிக்கிறது, அது ரத்தக்குழாய், அதன் தோளில் திராட்சைக் கொத்துப் போலக் கைக்குப் போகிற நரம்புகள், கீழே வெள்ளைக்கோடு, அந்தக் கோட்டுக்கு அடியில் நுரையீரல், அங்கே மட்டும் போய்விடாதே அம்மா. நரம்புக்கும் நுரையீரலுக்கும் நடுவே ஒரு புளியங்கொட்டை கிடக்கலாம், அவ்வளவுதான் இடம். எந்தக் கை அண்ணாச்சி என்று கேட்டு, வலது என்று அது சொல்லி, வலது என்று அவளும் சொல்லி, பேனாவில் போட்ட அம்புக்குறியையும் பார்த்தாயிற்று. உதவிக்கு ஜெபக்கனியையே நிறுத்தியிருந்தார்கள்; மருந்துக் குழலைப் பிடித்துக்கொள்ளலாம், சொன்னால் அழுத்தலாம், வாய் திறக்கக்கூடாது. ஜெபக்கனிக்கு அதைவிடப் பெரிய தண்டனை உண்டா. ஊசி ஜெல்லிக்குள் நுழைந்தது, சின்னதாக ஒரு தடை, பிறகு வழுக்கல். முனை தெரிகிறது, தெரியவில்லை, தெரிகிறது. முனை தெரியாமல் ஒரு நூல்கூடத் தள்ளாதே என்று டாக்டர் சொன்னது, அதைவிட அதிகமாகச் சொன்னது இன்னொன்று: திரை உங்களுக்கு ஊசியைக் காட்டும் சிஸ்டர், ஆளைக் காட்டாது, கைதான் மரக்கணும், ஆள் முழிச்சிருக்கான், அவன்கிட்ட பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க, மருந்து தப்பா போனா எல்லா மெஷினுக்கும் முந்தி அவன் பேச்சுக்குத்தான் தெரியும். பேச்சு. பேச்சுக் கொடு. கை எப்படி ஒடிஞ்சுது அண்ணாச்சி என்றாள், குரல் யாரோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்ட மாதிரி வந்தது. ஸ்பீக்கர் கனைத்துக்கொண்டது. குளத்துல தூண்டி போட்டேன் சிஸ்டரு, கெளுத்தி மாட்டிச்சு, ரெண்டு ஆள் உயரம், மீசை இருக்கே, நம்ம ஏட்டையா மீசை அதுக்குப் பக்கத்துல நின்னா வேலையை ராஜினாமா பண்ணிரும். ஜெபக்கனியின் முகமூடி ஆடியது. இழுத்துப் பாரு என்றாள் வடிவு, ஜெபக்கனி குழலைப் பின்னால் இழுத்தாள், ரத்தம் வரவில்லை, ஐந்து போடு, ஐந்து போயிற்று, திரையில் திராட்சையைச் சுற்றி ஒரு கறுப்புக் குளம் மெல்லத் திறந்தது. நல்லது. அப்புறம் அண்ணாச்சி. அப்புறம் என்னத்த, கயித்தை விடாம பிடிச்சேன், அது என்னை இழுத்துக்கிட்டுக் குளத்தை மூணு சுத்து சுத்திச்சு, படித்துறையில குளிச்சவங்க தேரு வருதுன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. இழு. ரத்தம் இல்லை. ஐந்து. இரண்டாவது ஐந்து. எல்லாம் நன்றாகப் போகிறதே, நன்றாகப் போகிறது என்பதுதான் பயமாக இருக்கிறது, போன தடவையும் இப்படித்தான் நன்றாகப் போயிற்று. டாக்டர் ஒரே விபத்தை இரண்டு தடவை பரீட்சையில் வைக்கமாட்டார் என்று பெஞ்சில் எல்லாரும் சொன்னார்கள். அப்படியானால் இன்றைக்கு வேறு ஏதோ. மூச்சு நிற்குமா. நுரையீரல் ஓட்டையா. அப்புறம் அண்ணாச்சி. அது வயித்துக்குள்ள ரேடியோ பாடுது சிஸ்டரு, எந்த மவராசன் தொலைச்சதோ, மாநிலச் செய்தி வாசிக்கான். இழு. இல்லை. ஐந்து. மூன்றாவது ஐந்து. இன்னும் ஒன்றுதான். ஒரே ஒரு ஐந்து. அப்புறம் அண்ணாச்சி.

அப்புறம் ஒன்றும் வரவில்லை. பெட்டி டிக் டிக் என்று போய்க்கொண்டிருக்கிறது, நாடி சரி, அழுத்தம் சரி, எல்லா எண்ணும் பச்சை. அப்புறம் அண்ணாச்சி, கரைக்கு வந்துச்சா. வந்துச்சு, என்றது பொம்மை. எவ்வளவு பெருசு இருந்துச்சு. ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். சாண் இருக்கும், என்றது. சின்ன மீனு. வடிவின் கை நின்றது. ஜெபக்கனி நான்காவது ஐந்துக்குக் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு அவளைப் பார்க்கிறாள். சாண். காலையில் ஒன்றரை முழத்தில் பிறந்து, மூன்று முழமாகி, ஜெபக்கனியாகி, ரெண்டு ஆளாகி, தேராகி, வயிற்றுக்குள் ரேடியோ வைத்துக்கொண்டு கரைக்கு வந்த மீன் எப்படி ஒரு சாண் ஆகும். வளர்ந்த மீன் வளர்ந்ததுதானே. அண்ணாச்சி கையில் எந்த மீனும் சிறுத்ததில்லை. நிறுத்து என்றாள். சத்தமாகத்தான் சொல்லிவிட்டாள், மூலையில் ஸ்டூல் கிரீச்சிட்டது. அண்ணாச்சி, வாயைச் சுத்தி மரமரங்குதா, காதுல இரைச்சல் இருக்கா, நாக்குல இரும்பு ருசி தட்டுதா. இல்ல, என்றது, சிடுசிடுப்பாக. எதுக்குக் கேக்கிய, அதெல்லாம் ஒண்ணுமில்ல. இதுவும் நடிப்பா. நடிப்பென்றால் இரைச்சல் இருக்கிறது என்றல்லவா சொல்லவேண்டும், எழுதிக்கொடுத்தபடி சொல்லவேண்டுமே. எழுதிக்கொடுக்காததை அண்ணாச்சி சேர்ப்பார், எழுதிக்கொடுத்ததைக் குறைக்கமாட்டார். ஒருவேளை இதுதான் புது விபத்து, பேச்சு மட்டும் மாறும், மற்றதெல்லாம் பச்சையாகவே இருக்கும், அதையாவது கண்டுபிடிக்கிறாளா பார்ப்போம் என்று. ஒருவேளை அவருக்கு அலுத்துவிட்டது. காலையிலிருந்து எத்தனை பேருக்கு அதே கெளுத்தியை வளர்த்துக் கொடுப்பார், மனுஷர்தானே. போன மழைக்கு நாச்சியார் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைத்தாள், இன்னைக்கு என்னட்டி நடந்துச்சு என்று கேட்டதற்கு ஒண்ணும் நடக்கல, கணக்கு நடந்துச்சு என்றாள். யானை இல்லை, குரங்கு இல்லை, கணக்கு. நெற்றியைத் தொட்டால் அடுப்புக்கல். பொய் சொல்லத் தெம்பு வேண்டும். உண்மையைச் சொல்லத் தெம்பு வேண்டாம், அது தானாக வாயிலிருந்து விழும், எச்சில் மாதிரி. ஊசியை வெளியே எடுத்தாள். எடுத்துவிட்டு, எடுத்தது சரியா என்று திரையைப் பார்த்தாள், திரையில் திராட்சைக் கொத்து கறுப்புக் குளத்தில் மிதந்துகொண்டு, என்னைப் பாதியில் விட்டுவிட்டாயே என்றது.

அண்ணாச்சி, என்றாள் கண்ணாடியைப் பார்த்து. பொம்மையைப் பார்த்து அல்ல. கண்ணாடியில் அவள் கண்தான் அவளைப் பார்த்தது. அண்ணாச்சி, மீன் எவ்வளவு பெருசு. ஸ்பீக்கரில் ஏதோ தட்டுப்பட்டு உருளும் ஓசை, பிறகு மூச்சு, மைக்கின்மேலேயே வாயை வைத்து விடுகிற ஈரமான மூச்சு. சொல்லுங்க அண்ணாச்சி. நான் வீட்டுக்குப் போறேன், என்றது பொம்மை. அந்தக் குரலில் இப்போது ஆள் இல்லை. போகவேண்டும், கதவைத் திறந்து வராந்தாவில் நாலு எட்டு, இடப்பக்கக் கதவு. போனால் போச்சு. ஊசி போட்ட நோயாளியை விட்டு நகர்ந்தவளுக்கு மன்னிப்பே கிடையாது, அது முதல் பாடம், சுவரில் எழுதித் தொங்குகிறது, போய்ப் பார்த்து அவர் அங்கே காலை ஆட்டிக்கொண்டு சிரித்தால் என்ன செய்வாய், என்ன சிஸ்டரு நீங்க, நடிப்புன்னு தெரியலையா என்று கேட்டால். பெஞ்சில் ஒருத்தி சொல்லுவாள், வடிவு பொம்மையைப் போட்டுட்டு ஓடிட்டாளாம்ளா. வீட்டில் அவர் கேட்பார், போன தடவை கொன்னே, இந்தத் தடவை கைவிட்டுட்டியா. அந்தச் சிரிப்பு அடுப்படியில் இன்னொன்றாக ஒட்டும். போகாவிட்டால். போகாவிட்டால் எல்லா எண்ணும் பச்சையாக இருக்க நான்காவது ஐந்தையும் போட்டு முடித்து, தேறி, கையுறையைக் கழற்றி, வராந்தாவுக்கு வந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து. அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை, நினைப்பு அந்தக் கதவில் வந்து வந்து முட்டித் திரும்பியது. விட்டுவிட்டுத்தானே போகக்கூடாது, ஒப்படைத்துவிட்டுப் போகலாமே. இது ஏன் இத்தனை நேரம் தோன்றவில்லை. ஆக்சிஜன் முகமூடியை எடுத்து மாப்பிள்ளையின் மூக்கில் ஒழுங்காக வைத்தாள், பட்டையைக் காதுக்குப் பின்னால் மாட்டினாள்.

“ஜெபக்கனி, நோயாளியை உங்கிட்ட ஒப்படைக்கேன். வலது கை, பதினைஞ்சு மில்லி போயிருக்கு, ஊசி வெளிய எடுத்தாச்சு, நாடியும் மூச்சும் சரியா இருக்கு. தலைமாட்டை விட்டு நகராத. கூப்பிட்டுக்கிட்டே இரு.”

ஜெபக்கனி வாய் திறக்கக்கூடாது என்பதால் தலையை மட்டும் ஆட்டினாள், கண் இரண்டும் கோலிக்குண்டாக. ஸ்டூல் மறுபடி கிரீச்சிட்டது.

“சிஸ்டர், நோயாளி இங்க இருக்கார்.”

“பேசினவரு அங்க இருக்காரு சார்.”

சொன்னது தானா என்று அவளுக்கே தெரியவில்லை, கால் அதற்குள் நடந்துவிட்டது, போகிற போக்கில் அவசர வண்டியிலிருந்து ஒரு சிரிஞ்சும் குளுக்கோஸ் குப்பியும் கையில் ஏறியிருந்தன, அதை எப்போது எடுத்தாள் என்பதும் தெரியவில்லை, அண்ணாச்சி சர்க்கரை வியாதிக்காரர் என்பது அவளுக்கு முந்திக் கைக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். இடப்பக்கக் கதவைத் திறந்தால் கம்பளி வாசம். சத்தம் கேட்காமலிருக்க கண்ணாடி போக மற்ற சுவர்களிலெல்லாம் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள், அந்த இருட்டுக்குள் அண்ணாச்சி மைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மோவாய் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார், தண்ணீர்ச் செம்பு தரையில் உருண்டு கிடந்தது. தோளைத் தொட்டாள். சட்டை நனைந்து சில்லென்று கையில் ஒட்டியது. வேர்வை. இத்தனை நாள் மாப்பிள்ளைக்கு வராமல் போன வேர்வை அத்தனையும் சேர்த்து இவருக்கு ஒரே நாளில் வந்துவிட்டது போல நெற்றியில், கழுத்தில், காது மடலில். அண்ணாச்சி, காலையில சாப்டியளா. தலை ஆடியது, இல்லை என்றா ஆமாம் என்றா. ஊசி போட்டியளா, இன்சுலின். அதற்கு மட்டும், போட்டேன் என்று, சரியாகப் பதில் வந்தது. இன்சுலினைப் போட்டுக்கொண்டு, பரீட்சைக்கு நேரமாயிற்று என்று ஓடி வந்து, ஒரு இட்லிகூட இல்லாமல் பதினாலு இட்லியைப் பேச்சில் மட்டும் சாப்பிட்டிருக்கிறார் மனுஷர், ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது. குளுக்கோஸ். குப்பியின் மூடியைத் திறந்தாள், சிரிஞ்சில் இழுத்தாள், பாதி இழுத்த இடத்தில் கை மறுபடி நின்றது. குப்பியில் ஒட்டியிருந்த தாளில் அவளுடைய கையெழுத்து. குளுக்கோஸ் என்று அவளே எழுதி, அவளே ஒட்டி, போன வாரம் ஜெபக்கனியும் அவளும் சேர்ந்து ஒவ்வொன்றாகக் குழாய்த் தண்ணீர் நிரப்பின குப்பி. பயிற்சி அறையில் எந்த மருந்தும் மருந்தில்லை. வண்டி முழுக்கத் தண்ணீர். எழுத்து மட்டும்தான் குளுக்கோஸ். இதை ஏற்றிவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருப்பாளே, இவர் ஏன் இன்னும் கண் திறக்கவில்லை என்று. பின்னால் யாரோ நிற்கிற மூச்சு. சார், இது தண்ணி சார், என்றாள் திரும்பாமலே. தெரியும், என்றார் டாக்டர் கோமதிநாயகம். பிறகு மிகவும் தணிந்த குரலில், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி, என் ஃபிளாஸ்க்கைக் கொடுக்கேன், முழுங்குறாரான்னு முதல்ல பாருங்க என்றார். கொடுத்துவிட்டு நிஜக் குளுக்கோஸுக்குத் தியேட்டரைப் பார்த்து ஓடினார். அவர் ஓடி அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்தது கிடையாது, செருப்பு ஒன்று வராந்தாவிலேயே நின்றுவிட்டது, அவர் மட்டும் போனார்.

எச்சிலை முழுங்குங்க அண்ணாச்சி. தொண்டைமணி ஏறி இறங்கியது. மறுபடியும். இறங்கியது. தலையை நிமிர்த்திப் பிடித்து, ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி உதட்டில் வைத்தாள், வழக்கு அந்த நொடியே தீர்ந்துவிட்டது, அது பாகுதான், மூடியிலிருந்து நூலாக இறங்கியது. ஒரு வாய். பொறுங்க. இன்னொரு வாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்போது எல்லாம் தெரிந்தது, வெளிச்சமான அறை, நடுவில் மேசை, தலைமாட்டில் ஜெபக்கனி நின்று, பிளாஸ்டிக் முகத்தில் முகமூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, துடைத்துக்கொள்ளக் கை இல்லை. சொன்ன இடத்தைவிட்டு ஒரு விரல்கூட நகரவில்லை. அவள் இந்தப் பக்கம் பார்த்தால் அவள் முகம்தான் அவளுக்குத் தெரியும். இத்தனை நேரம் நானும் இப்படித்தான் தெரிந்திருப்பேனா என்று வடிவு நினைத்தாள், நினைத்துக்கொண்டே அடுத்த வாய் கொடுத்தாள். மீன் எவ்வளவு பெருசு அண்ணாச்சி. உதடு அசைந்தது. சாண். சரி, குடிங்க. காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, பெட்டியின் டிக் டிக் ஸ்பீக்கர் வழியாக இங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு நோவும் இல்லாத மாப்பிள்ளையின் நாடி. மீன் எவ்வளவு பெருசு. முழம் இருக்கும், என்றார், கண்ணை மூடிக்கொண்டே. முழம். நெஞ்சுக்குள் என்னவோ ஒன்று முழம் அளவுக்குத் தளர்ந்தது. டாக்டர் ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்து, விரலில் குத்திப் பார்த்து, எண்ணைப் பார்த்து உதட்டைக் கடித்து, நரம்பில் நிஜக் குளுக்கோஸை ஏற்றினார். ஏற்றி முடிப்பதற்குள் அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். முதலில் ஃபிளாஸ்க்கைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார், பிறகு வடிவைப் பார்த்தார்.

“மீனு எவ்வளவு பெருசு அண்ணாச்சி?”

“அதை எப்படி தாயி அளக்க. வாலு இன்னும் தண்ணிக்குள்ளல்லா கிடக்கு.”

வடிவு அப்படியே கம்பளிச் சுவரில் சாய்ந்தாள். அப்போதுதான் பரீட்சை ஞாபகம் வந்தது, மூன்று ஐந்து போட்டு நான்காவதைப் போடாமல், ஊசியைப் பிடுங்கி, அறையைவிட்டு வந்தாயிற்று, இதற்குப் பெயர் என்ன, முடிக்காத வேலைக்கு ஒரு பெயர்தான் உண்டு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அவர் துடைக்கும்போதே அவளுக்குத் தெரியும். ஒரு பக்கம், மறுபக்கம், சட்டைநுனியால் இன்னொரு தடவை. மாட்டிக்கொண்டார்.

“வெளிய உட்காருங்க,” என்றார்.

சரி சார் என்று சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்தாள். ஆண்கள் வார்டின் பினாயில் வாசம் அதற்குள் மூக்கில் ஏறிவிட்டது. நாச்சியாரிடம் என்ன சொல்வது, யானை வந்து பரீட்சையைக் கலைத்துவிட்டது என்று சொல்லலாம், அவள் ஒருத்தி நம்புவாள்.

“உங்களை இல்ல சிஸ்டர். அண்ணாச்சியைச் சொன்னேன். வெளிய காத்தாட உட்காருங்க அண்ணாச்சி, சாப்பாடு வருது. நீங்க போய்க் கை கழுவிட்டு வாங்க. முதல்லேருந்து.”

மூன்றாவது தடவையா சார் என்று கேட்டேவிட்டாள், கேட்டிருக்க வேண்டாம். ரெண்டாவதுதான், அது எங்க முடிஞ்சுது, ஒப்படைச்சுட்டுத்தானே போனிய என்றார் அவர், எங்கோ பார்த்தபடி. அண்ணாச்சி வெளியே போக மறுத்துவிட்டார். மீன் பாதியில நிக்கு, நான் எப்படிப் போக என்றார். பேசக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, அவரை அதே இருட்டு அறை மூலையில் சாம்பார்சாதப் பொட்டலத்தோடு உட்காரவைத்து, ஜெபக்கனியின் கையைப் பொம்மையின் முகத்திலிருந்து பிரித்தெடுத்து, கண்ணைத் துடைக்கவைத்து, புதுக் கையுறை மாட்டி, வடிவு மறுபடி மேசைக்கு வந்தபோது மூலையில் ஸ்டூல் காலியாக இருந்தது. கண்ணாடியில் அவள் முகம். மாப்பிள்ளை அதே மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு கிடக்கிறான். எந்தக் கை, என்று கேட்டாள். வலது கை, என்றது ஸ்பீக்கர், கோமதிநாயகம் டாக்டரின் குரலில், பிரேதப் பரிசோதனை அறிக்கை வாசிக்கிற மாதிரி. ஸ்கேன் கருவியை வைத்தாள். கலங்கல், தெளிவு, கறுப்பு வட்டம், திராட்சைக் கொத்து, வெள்ளைக்கோடு, புளியங்கொட்டை இடம். ஊசிமுனை தெரிந்தது. முதுகில் வேர்வை அப்படியேதான் இறங்கிக்கொண்டிருக்கிறது, இறங்கட்டும், ஆளென்றால் வேர்க்கும். கை எப்படி சார் ஒடிஞ்சுது. மீன் பிடிக்கையில் விழுந்துவிட்டேன். என்ன மீன். கெளுத்தி. எவ்வளவு பெருசு. ஸ்பீக்கர் யோசித்தது. முக்கால் கிலோ இருக்கும், என்றது. ஜெபக்கனி குழலை இழுத்துப் பார்த்தாள், ரத்தம் இல்லை, ஆனால் வடிவு போடு என்று சொல்லவில்லை, ஊசியை அசைக்காமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். முக்கால் கிலோ என்பது இவருக்கு இயல்பா, நோவா. ஸ்பீக்கருக்குள் பின்னாலிருந்து, வாய் நிறையச் சோற்றோடு, ஒரு முணுமுணுப்பு கேட்டது, முக்கால் கிலோவா, சார், மானத்தை வாங்காதிய, கூட்டிச் சொல்லுங்க. பிறகு டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மீன்... ஒரு ஆள் உயரம் இருக்கும் சிஸ்டர்,” என்றார். “ரெண்டு ஆள்னும் சொல்லலாம்.”

“ஐந்து போடு,” என்றாள் வடிவு. கண் ஊசிமுனையில் இருந்தது. “அப்புறம் சார்?”